கரும்பலகையில் எழுதிய அலை உயரம்

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள ஒரு மீனவ ஊரில், பஞ்சாயத்தார் ஒதுக்கித் தந்த ஒற்றை அறையில் இயங்கிய தகவல் மையத்தில் 2001-ஆம் ஆண்டு தன்னார்வலராகச் சேர்ந்தபோது, கடலைப் பற்றி எனக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்றே நினைத்திருந்தேன். அப்பா கட்டுமரத்தில் போனவர். சித்தப்பா ஃபைபர் படகு வைத்திருந்தார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்களை எழுத்துக்கு முன்பே கற்றவள் நான். மையத்தில் எனக்குத் தரப்பட்ட வேலையும் எளிதாகவே தோன்றியது. மாலையில் கணினியில் ஒரு படத்தை இறக்கி, எங்கள் கரைக்கு எதிரே கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று பார்த்து, வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். அந்த ஒரே ஓர் எண்ணைச் சரியாக வாசிக்க எனக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் பிடித்தன. அது எத்தனை நாடுகளின் கைபட்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்கிறது என்பது புரிய அதற்கும் மேலே ஆயிற்று. இன்று இதே வேலையைக் கைபேசியில் செய்துகொண்டிருக்கும் கரையோர ஊர்களின் இளைஞர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அந்நாளில் அந்தப் படம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதி ஊர்களில் தகவல் மையங்களை அமைத்தபோது, வீராம்பட்டினத்தில் இருந்தவர்கள்தாம் அந்த இணையதளத்தின் அலைப்படத்தை இறக்கி மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசிக்கத் தொடங்கினார்கள். நாங்களும் அந்த வழியையே பின்பற்றினோம். உலகின் மறுகோடியில், தங்கள் போர்க்கப்பல்களுக்காக ஒரு நாடு கணித்துப் பொதுவில் வைத்த படத்தைப் பார்த்து, எங்கள் ஊர் ஆண்கள் மறுநாள் வலை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுத்தார்கள். அதில் உள்ள வியப்பு அப்போது எனக்கு உறைக்கவில்லை. தொலைபேசிக் கம்பி வழி வந்த இணைய இணைப்பு நடுவில் அறுந்து போகாமல் படம் முழுவதும் இறங்குமா என்பதுதான் அன்றைய ஒரே கவலை.

முதல் ஆண்டிலேயே ஒரு தவறு செய்தேன். படத்தின் மேல்விளிம்பில் நாளும் மணியும், மணியை ஒட்டி ‘இசட்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள், மறுநாள் 06 மணிக்கான படத்தில் எங்கள் கரைக்கு எதிரே நிறம் சட்டென மாறியிருந்தது. “காலை ஆறு மணிக்குக் கடல் ஏறும், யாரும் போக வேண்டாம்” என்று வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். விடியற்காலையில் கரையில் காத்திருந்தவர்கள் ஆறு மணி வரை பார்த்தார்கள். ஆறரை வரை பார்த்தார்கள். கடல் தளும்பாமல் கிடந்தது. அமெரிக்காக்காரன் சொன்னது பலிக்கவில்லை என்று ஏழு மணிக்குப் படகுகளைத் தள்ளினார்கள். முற்பகல் பதினொன்றரை மணிக்கு, அவர்கள் கரை திரும்பும் நேரத்தில், அலை ஏறியது. கரையை ஒட்டி அலை உடையும் இடத்தில் சித்தப்பாவின் படகு கவிழ்ந்து இன்ஜின் போனது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்பது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம். மாலையில் மையத்துக்கு வந்த சித்தப்பா என்னைத் திட்டவில்லை. “ஆறு மணின்னு சொன்ன, பதினொன்றரைக்கு வந்துச்சு. மைக்கு உன் கையில இருக்கு பாப்பா, கடிகாரம் யாரு கையில இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அந்த எழுத்து உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. 06 என்றால் நமக்கு முற்பகல் 11.30 என்பதை அடுத்த வாரம் ஓர் ஆசிரியரிடம் கேட்டு அறிந்துகொண்டேன். பல நாடுகள் ஒரே கடலை அளக்கும்போது அத்தனை பேரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தால்தான் கணக்குச் சேரும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஒப்பந்தம் என்றால் அமைச்சர்கள் கைகுலுக்கும் படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் கடல் அளவீட்டில் நாடுகளின் ஒத்துழைப்பு என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட, யாரும் படம் எடுக்காத சின்னஞ்சிறு உடன்பாடுகளால் ஆனது. அன்று முதல் கரும்பலகையில் எந்த மணியை எழுதினாலும் பக்கத்தில் ‘நம்ம மணி’ என்று சேர்த்தே எழுதினேன். இப்போதும் எந்தச் செயலியைத் திறந்தாலும், அதில் தெரிவது உள்ளூர் நேரமா பொது நேரமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களும் அதைப் பார்த்த பிறகே மற்றதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் அலை உயரம் என்ற சொல்லிலேயே இருந்தது. நான் இரண்டு மீட்டர் என்று வாசித்த நாளில், கடலிலிருந்து திரும்பியவர்கள் மூன்றரை மீட்டர் அலை ஒன்று படகைத் தூக்கிப் போட்டதாகச் சொல்வார்கள். மையம் பொய் சொல்கிறது என்ற பேச்சு எழும். முன்னறிவிப்பில் வரும் உயரம் ஒரு சராசரி என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு பொழுதில் கடந்து போகும் அலைகளை எல்லாம் உயர வரிசையில் அடுக்கி, அவற்றுள் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரியைத்தான் உலகம் முழுவதும் அலை உயரம் என்று அறிவிக்கிறார்கள். அனுபவமுள்ள மாலுமி கண்ணால் மதிப்பிடும் உயரத்தோடு அது ஏறக்குறைய ஒத்துப்போவதால் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. அப்படி இரண்டு மீட்டர் என்று சொல்லப்பட்ட கடலில், தனி அலை ஒன்று அதன் இரு மடங்கை நெருங்கும் உயரத்துக்கு எழுவது இயல்பே. அதை விளக்கிய பிறகு, “இரண்டு மீட்டர் அலை; இடையிடையே நான்கு மீட்டர் வரை ஒன்றிரண்டு எழலாம்” என்று வாசிக்கத் தொடங்கினேன். வாசகம் நீண்டது, சண்டை குறைந்தது.

திசையில் உள்ள குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்றை அது எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையால் குறிப்பது உலக வழக்கம். நீரோட்டத்தையோ அது எந்தத் திசை நோக்கிப் போகிறதோ அதனால் குறிக்கிறார்கள். வடக்குக் காற்று என்றால் வடக்கிலிருந்து வருவது. வடக்கு நீரோட்டம் என்றால் வடக்கே போவது. எங்கள் ஆட்களிடம் இந்தக் குழப்பமே கிடையாது, ஏனென்றால் வாடை என்றால் வாடைதான். வன்னி என்றால் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் தண்ணீர், தெண்டி என்றால் தெற்கிலிருந்து வடக்கே போகும் தண்ணீர். அம்புக்குறிப் படத்தைப் பார்த்துத் திசையின் பெயரைச் சொல்வதைக் கைவிட்டு, வன்னி, தெண்டி என்றே வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னைவிடக் கேட்பவர்களுக்குத் தெளிவு கூடியது. ஆழத்தைப் பாகத்தில், அதாவது இரு கைகளையும் விரித்த நீளக் கணக்கில், சொல்வதும் அப்படித்தான்.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் ஊரில் நான் கோலம் போட்டு முடித்து, மீன் வாங்கக் கரைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் கணினி இருந்தது. இணைய இணைப்பு இருந்தது. ஊர் முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கி இருந்தது. அதில் வாசிப்பதற்குச் செய்தி மட்டும் இல்லை. பசிபிக் பெருங்கடலில் 1960-களிலிருந்தே நாடுகள் கூடி நடத்திய எச்சரிக்கை அமைப்பு இருந்தது. இந்தியப் பெருங்கடலில் அப்படி ஒன்று கிடையாது. ஹவாயிலிருந்து அந்த அமைப்பை நடத்தியவர்களுக்கு நடுக்கம் தெரிந்தும், எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்ல அவர்களிடம் வழி இல்லை. ஆனால் எங்களுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் அன்று சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஊருக்குள் தண்ணீர் ஏறுவதைக் கேட்டதும் எல்லாரையும் வெளியேறச் சொன்னார். ஊரார் அங்கிருந்த தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் மக்கள் பிழைத்தார்கள். எங்கள் ஊருக்கு அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் இல்லை.

அதன்பின் நடந்தவை பலருக்கும் தெரியும். யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் 2005-இல் இந்தியப் பெருங்கடல் நாடுகள் கூடி ஓர் எச்சரிக்கை அமைப்பை உருவாக்கின. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில், இன்காய்ஸ் என்று எல்லாரும் சொல்லும் இடத்தில், 2007 அக்டோபரில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் இப்பெருங்கடலின் பிற நாடுகளுக்கும் சேர்த்து எச்சரிக்கை தரும் பொறுப்பை ஏற்றன. மூன்று மையங்கள் எதற்கு என்று எங்கள் பஞ்சாயத்தில் ஒருவர் கேட்டார். மூன்று பேர் தனித்தனியே கணக்குப் போட்டால் ஒருவர் தவறுவது மற்றவருக்குத் தெரியும் என்பதே அதற்கு எனக்குக் கிடைத்த பதில்.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின் அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் மீண்டும் நிலம் நடுங்கியது. எங்கள் ஊர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடியது, நானும் ஓடினேன். ஓடியதில் தவறில்லை என்றே இன்றும் சொல்வேன். ஆனால் இந்த முறை செய்தி இருந்தது. அது கடலடிப் பாறை பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் என்பதால் கடலடி பெரிதாக மேலெழும்பவில்லை. பல நாடுகளின் கடல்மட்ட மானிகளும், ஆழ்கடலின் அடியில் வைத்த அழுத்தமானிகளும் சிறிய அலையையே காட்டின. சில மணி நேரத்தில் எங்களைத் திரும்பச் சொன்னார்கள். ஓடச் சொல்வதற்கு நடுக்கமானி மட்டும் போதும். திரும்பி வரச் சொல்வதற்குத்தான் கடலுக்குள் இருக்கும் கருவிகள் தேவைப்படுகின்றன. இந்த வேறுபாட்டை நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன்.

அதற்குள் எங்கள் அலை உயரம் ஐதராபாத்திலிருந்து வரத் தொடங்கிவிட்டது. அங்கே நடந்த ஒரு பயிற்சிக்கு எங்களைப் போன்ற கரையோரத் தன்னார்வலர்கள் சிலரை அழைத்திருந்தார்கள். முதல் நாளே நான் கேட்ட கேள்வி, “நீங்கள் அனுப்பும் இரண்டு மீட்டர் எங்கிருந்து வருகிறது?” என்பதுதான். எனக்கு விடை சொன்ன அறிவியலாளர் பெருமையாகத் தன் கணினியைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மற்றவர்களின் பெயர்களாக அடுக்கினார். அலையைக் கணிக்கப் பயன்படும் மாதிரிகள் எனும் கணினிக் கணக்கு முறைகளுள் ஒன்று அமெரிக்காவில் எழுதப்பட்டு எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்னொன்று டென்மார்க்கில் உருவானது. அலையை எழுப்பும் காற்றின் கணிப்பு, பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து இங்கிலாந்தின் ரெடிங் நகரில் நடத்தும் மையத்திலிருந்து வருவது. அந்தக் காற்றுக் கணிப்போ உலகெங்கும் உள்ள மிதவைகள், கப்பல்கள், செயற்கைக்கோள்கள் ஆகியவற்றின் அளவுகளை உலக வானிலை அமைப்பின் தகவல் வலை வழியாகப் பெற்றே உருவாகிறது. அந்த வலைக்குள் வங்கக் கடலில் நாம் மிதக்கவிட்ட மிதவைகளின் அளவுகளும் போகின்றன. ஆக, நம் கடலின் காற்று ரெடிங்குக்குப் போய், உலகத்தின் காற்றோடு கலந்து, ஐதராபாத்துக்குத் திரும்பி வந்து, அலையாகி, நம் கரைக்கு அருகே உள்ள மஞ்சள் நிற அலைமானி மிதவைகளோடு ஒப்பிடப்பட்டு, பிறகே என் கரும்பலகைக்கு வருகிறது. எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், பத்துப் பேர் பங்கு போட்டு வாங்கிய வலை.

பங்கு என்றால் கொடுக்கல் வாங்கல் இரண்டும் உண்டு. 2009 செப்டம்பரில் ஏவப்பட்ட நம் ஓசன்சாட்-2 செயற்கைக்கோளில் கடற்பரப்புக் காற்றை அளக்கும் கருவி இருந்தது. அதன் அளவுகளை அமெரிக்க, ஐரோப்பிய மையங்களும் பயன்படுத்தின. 2012-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயலைக் கவனிக்க அது உதவியது. 2014 தொடக்கத்தில் அந்தக் கருவி நின்றது. 2016 செப்டம்பரில் காற்றை அளக்கும் நம் அடுத்த செயற்கைக்கோளான ஸ்காட்சாட்-1 ஏவப்படும் வரை ஐரோப்பியரின் செயற்கைக்கோளில் இருந்த அதே வகைக் கருவி நம் கடலுக்கும் காற்றை அளந்துகொடுத்தது. இன்காய்ஸ் தரும் கடல்நிலை முன்னறிவிப்பு நமக்கு மட்டுமின்றி இலங்கை, மாலத்தீவு, சீஷெல்ஸ் போன்ற நாடுகளுக்கும் போகிறது. எல்லைக் கோட்டைத் தாண்டியதாக எங்கள் ஆட்கள் பிடிபடுவதும், அந்தக் கோட்டுக்கு இருபுறமும் ஒரே முன்னறிவிப்பு வாசிக்கப்படுவதும் ஒரே காலத்தில் நடக்கின்றன.

கொடுப்பதில் நம் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆழ்கடலில் நங்கூரமிட்ட மிதவைகளைச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் பராமரிக்கிறது. அந்தத் திட்டம் 1990-களின் பிற்பாதியில் நார்வே நாட்டின் உதவியோடு தொடங்கியது. பருவமழையை அறிவதற்காக இந்தியப் பெருங்கடல் முழுவதும் பரவிய ‘ராமா’ என்ற மிதவை வரிசை வேறு உண்டு. 2008-இல் இந்தியாவும் அமெரிக்காவும் அதற்கான உடன்படிக்கை செய்துகொண்டன. கருவிகள் பெரும்பாலும் அவர்களுடையவை. கொண்டுபோய் நிறுத்த நம் சாகர் கன்யா, சாகர் நிதி போன்ற கப்பல்கள். ஜப்பானும் இந்தோனேசியாவும் கை கொடுத்தன. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நங்கூரம் போட்டு ஒரு மிதவையை நிறுத்துவதற்கு எத்தனை நாள் கப்பலோட்டம், எவ்வளவு கயிறு, எவ்வளவு பணம் வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பள்ளிக்கரணையில், கடலிலிருந்து சேதமடைந்து திரும்பி வந்த ஒரு மிதவையைப் பார்த்தேன். சூரியத் தகடுகள் பிய்க்கப்பட்டிருந்தன. மேல்கம்பத்தில் காற்றுமானி இருந்த இடத்தில் வளைந்த கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மிதவையின் நிழலில் சிறு மீன் கூடும். அதைத் தேடிப் பெரிய மீன் வரும். அதைத் தேடி நாங்கள் போவோம். படகை அதில் கட்டுவோம். கட்டிய கயிறு கருவியை ஒடிக்கும். சிலர் தகட்டையும் மின்கலத்தையும் கழற்றி எடுத்துக்கொள்வார்கள். எல்லா நாட்டுக் கடல்களிலும் உள்ள தொல்லைதான் இது. ஆனாலும் எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் எங்கள் பக்கத்து ஊரில் வலை பின்னும் கொட்டகை ஒன்றில் இரவில் விளக்கெரித்த தகட்டை நான் பார்த்திருந்தேன். அதை வெளியே சொன்னால் காவல்துறை வரும்; சொல்லாவிட்டால் அடுத்ததும் போகும். கடைசியில் அந்த ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, வங்கக் கடல் வரைபடத்தில் மிதவைகள் இருக்கும் இடங்களைப் புள்ளியாக வைத்துக் காட்டினேன். அவ்வளவு பெரிய கடலுக்கு இத்தனைதானா என்று ஒருவர் கேட்டார். “ஐப்பசியில் புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும் புள்ளிகள் இவை, மாமா, இதில் ஒன்று உங்கள் கொட்டகையில் எரிகிறது” என்றேன். தகடு திரும்பி வரவில்லை. ஆனால் அதன்பின் அந்த ஊர்ப் படகுகள் மிதவையில் கயிறு கட்டுவதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு வந்தது. சட்டத்தின் பெயரால் மிரட்டும் துண்டறிக்கையைவிட ஒரு வரைபடமும் ஒரு உறவுமுறைச் சொல்லும் கூடுதலாகச் சாதித்தன.

ஒருமுறை எங்கள் ஊர்ப் படகு ஒன்றே வலையில் சிக்கியது என்று ஆள் உயரத்துக்குக் குறையாத மஞ்சள் உருளை ஒன்றைக் கொண்டு வந்தது; தலையில் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வெடிகுண்டு என்று ஊரே கடற்கரையைக் காலி செய்துவிட்டது. நான் அருகில் போய் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். ஆபத்தற்ற அறிவியல் கருவி என்றும் ஓர் எண்ணும் இருந்தன. அது ஆர்கோ மிதவை. உலகக் கடல்களில் இப்படி ஏறத்தாழ 4000 மிதவைகள் அலைகின்றன. ஒவ்வொன்றும் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்து, பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மீண்டும் மூழ்கும். அளவுகள் 24 மணி நேரத்துக்குள் யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி வெளியாகிவிடும். மிதவை தன் போக்கில் இன்னொரு நாட்டின் கடற்பகுதிக்குள் போகும் என்பதால், அந்த நாட்டுக்கு முன்கூட்டித் தெரிவிக்கும் ஏற்பாடும் யுனெஸ்கோ ஆணையத்தின் தீர்மானமாக இருக்கிறது. எண்ணை ஐதராபாத்துக்குச் சொன்னோம். மின்கலம் தீர்ந்து அலைந்த மிதவை என்று பதில் வந்தது. உங்கள் வலையில் அப்படி ஒன்று வந்தால் பிரிக்காதீர்கள். எண்ணைப் படம் எடுங்கள். கிடைத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் நிலையத்திலோ மீன்துறை அலுவலகத்திலோ சொல்லுங்கள். வலை கிழிந்ததற்கு இழப்பீடு யார் தருவார் என்று படகுக்காரர் என்னைக் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை; அவர் கேட்டது நியாயம்.

ஒக்கிப் புயலைப் பற்றி நான் எழுதுவதைவிடக் குமரி மாவட்டத்தார் எழுதுவதே முறை. 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமானது 30-ஆம் தேதி காலையிலேயே புயலாகிவிட்டது; பல நாள் தங்கி மீன்பிடிப்பவர்கள் அதற்கு வெகுமுன்பே கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் போயிருந்தார்கள். கைபேசிக் கோபுரத்தின் எல்லை கரையிலிருந்து சில மைல்களோடு முடிந்துவிடும். எங்கள் ஒலிபெருக்கியும் அவர்களுக்குக் கேட்காது. அதன்பின் 2019-இல் செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெற உதவும் ஜெமினி என்ற சிறு கருவி வந்தது. கேட்க மட்டுமே முடியும், திருப்பிப் பேச முடியாது என்ற குறை அதில் இருந்தது.

இப்போது என் கவலை நேர் எதிரானது. அன்று செய்தி இல்லாமல் தவித்தோம். இன்று ஒவ்வொரு இளைஞன் கையிலும் நான்கு செயலிகள் உள்ளன. ஒன்று அமெரிக்க மாதிரியைக் காட்டுகிறது, மற்றொன்று ஐரோப்பிய மாதிரியை. இரண்டும் புயலை வெவ்வேறு ஊருக்கு அனுப்புகின்றன. நானும் அவற்றைப் பார்க்கிறேன். ஐந்து நாளைக்கு முன்பே இரண்டும் ஒரே ஊரைக் காட்டினால் வயிறு கலங்குகிறது. ஆனால் ஒலிபெருக்கியில் வாசிப்பது காற்றுக்கும் புயலுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்வதை, அலைக்கு இன்காய்ஸ் சொல்வதை மட்டுமே. ஒரு ஊருக்கு இரண்டு குரல் இருந்தால் தனக்குப் பிடித்ததைக் கேட்டுக்கொண்டு படகு தள்ளுவார்கள். மாதிரிகள் தமக்குள் முரண்படுவதைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையைக் கரையில் நின்று நாம் செய்ய வேண்டாம்.

எச்சரிக்கை இருந்தும் எட்டாமல் போவதற்கு 2024 மே மாதமே சாட்சி. தெற்குப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையேறும். கேரளத்தார் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். முன்னறிவிப்பு வெளியாகியிருந்தது. ஆயினும் மே 6 அன்று குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்களை அந்த அலை கொண்டுபோனது. அத்தகைய அலையின் கணக்கு மிக எளிது. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 18 விநாடி இடைவெளி இருந்தால், அதன் ஆற்றல் ஆழ்கடலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1200 கிலோமீட்டர் நகரும். 45 பாகை தென் அட்சரேகையில் கிளம்பினால் எங்கள் கரைக்கு ஐந்து நாளுக்கு மேல். அவ்வளவு தெற்கே மீன்பிடிக்கவோ அளக்கவோ எங்கள் ஊர்ப் படகு போகாது. செயற்கைக்கோள்களும், அந்தக் கடலில் மிதவை விட்டவர்களும் சொன்னால்தான் உண்டு. கரையில் நின்று செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காற்று இல்லாத நாளில் அலை மெதுவாக, நீளமாக வந்தால், கடிகாரத்தை வைத்து முகடுகளை எண்ணுங்கள். பத்து விநாடிக்கு மேல் இடைவெளி போய்க்கொண்டே இருந்தால் அது நம் ஊர்க் காற்று எழுப்பிய அலை அன்று.

இந்தச் சித்திரையில் அப்படி ஓர் எச்சரிக்கை வந்தது. இலங்கைத் தீவு எங்களுக்கு ஓரளவு மறைப்பு என்றாலும், தென்கிழக்கிலிருந்து வளைந்து வருவதை அது தடுப்பதில்லை. முதல் நாள் மாலை ஒலிபெருக்கியில் வாசித்து, படகுகளை மேட்டுக்கு இழுக்கச் சொன்னோம். வானம் பளிச்சென்று இருந்ததால் முணுமுணுப்புக்கும் குறைவில்லை. மறுநாள் காலை சித்தப்பாவின் மகனோடு கரையில் நின்று எண்ணினேன்: பதினாறு, பதினேழு, மீண்டும் பதினாறு. ஒன்பதே கால் மணிக்குத் தண்ணீர் வலைக்கொட்டகையின் முதல் கம்பத்தைத் தாண்டி, முந்தைய நாள் படகுகள் கிடந்த இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கம்பத்தில் நனைந்த உயரத்தை முழம் போட்டு அளந்து, படம் எடுத்து, ஐதராபாத்துக்கு எழுதினேன். நேரத்தை எழுதும்போது தம்பி, “எதுக்குக்கா ரெண்டு தடவை எழுதுற?” என்றான். நம்ம மணி 9.15 என்றும், அதன் கீழே உலகப் பொது நேரம் 03.45 என்றும் எழுதியிருந்தேன்.